பேரன்கள் காலத்தில் கெடும் மக்களாட்சி

கிரேக்க மக்களாட்சி என்றால் ஏதென்ஸ், பெரிக்ளிஸ், சாக்ரட்டீஸ் குடித்த நஞ்சு என்று பேசிவிட்டு, அலெக்சாண்டர் வந்ததும் கதையை மூடிவிடுகிறோம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், பிற்காலத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பொலிபியஸ். மெகலோபோலிஸ் ஊர்க்காரர், கி.மு. 200 வாக்கில் பிறந்தவர். தென்கிரேக்க நகரங்கள் சேர்ந்து நடத்திய அக்கேயக் கூட்டமைப்பில் குதிரைப்படைத் தலைவராக இருந்தார். கி.மு. 167இல் ரோம் பிடித்துப்போன 1,000 அக்கேயப் பிரமுகர்களில் இவரும் ஒருவர். ரோம் எப்படி ஜெயித்தது என்று அங்கே இருந்து யோசித்ததில் பிறந்தது அவர் எழுதிய வரலாற்று நூல்.

அதன் ஆறாம் புத்தகத்தில் ஆட்சிகள் சுழல்கின்றன. மன்னராட்சி கொடுங்கோன்மையாகும், மேலோர் ஆட்சி சிலரின் கொள்ளையாகும், மக்களாட்சி கும்பலாட்சியாகும். பிறகு மறுபடி ஒரு எஜமான். ஆட்சி கெடும் என்று பிளேட்டோவே சொல்லியாயிற்று. எப்போது கெடும் என்பதில்தான் பொலிபியஸின் கூர்மை.

கொடுமையை அனுபவித்த தலைமுறை இருக்கும்வரை சமத்துவத்தையும் பேச்சுரிமையையும் பொத்திக் காப்பார்கள். பேரன்களுக்கு அவை பிறக்கும்போதே கிடைத்துவிட்டவை, அருமை தெரியாது. அடுத்தவனைவிட மேலே நிற்கும் ஆசை வரும். தகுதியால் பதவி கிடைக்காத பணக்காரன் சொத்தைக் கரைத்து மக்களுக்குக் கொடுக்கத் தொடங்குவான். வாங்கிப் பழகிய மக்களுக்குத் துணிச்சலான தலைவன் ஒருவன் கிடைத்தால் போதும். கொலை, நாடுகடத்தல், நிலப் பங்கீடு. (சிரிக்காதீர்கள், அவர் சொன்னது கிரேக்கர்களைத்தான்.) கெடுதலை ஆரம்பித்து வைப்பவன் பணக்காரன் என்று அவரே எழுதியும், நிலப் பங்கீட்டைக் கொலையோடு ஒரே வரிசையில் வைக்கிறார். அவரும் சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளை.

உண்மையான மக்களாட்சிக்கு அவர் காட்டும் உதாரணம் தன் கூட்டமைப்புதான். அவர் சிறுவனாக இருந்தபோது, கி.மு. 185 வாக்கில், பெர்கமம் மன்னர் யூமெனிஸ் அதற்கு 120 தாலந்துப் பணம் தர முன்வந்தார்: வட்டிக்கு விட்டு, மன்ற உறுப்பினர்களுக்குப் படி கொடுங்கள் என்று. சிக்யோன் நகரத்து அப்பொலோனிதாஸ் எழுந்து, இன்று இந்த மன்னரிடம் வாங்கினால் நாளை அடுத்தவரும் பையோடு வருவார் என்றார். அடுத்து ஏஜினாத் தீவைச் சேர்ந்த கசாண்டர் பேசினார். அந்தத் தீவு அப்போது பெர்கமத்தின் கையில் இருந்தது. முதலில் எங்கள் ஊரைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்றார். அதற்குமேல் பேச்சே இல்லை. பணம் வேண்டாம் என்று முடிவானது.

பெருமைக்குரிய மறுப்புதான். ஆனால் படி இல்லாத அந்த மன்றத்தில், ஒரு நாள் வேலை போனால் அடுப்பெரியாதவன் எப்படிப் போய் உட்கார்ந்திருப்பான்?