டீபக்கரில் ‘ஒரு அடி’ என்றால் எவ்வளவு? கமென்ட் ஏன் தெளிவாக இருக்கணும்?

மீஞ்சூரில் சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஏறினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர் என்று நின்று நின்றுதான் போகும். புரோகிராமில் பிழை தேடும் டீபக்கரின் ‘சிங்கிள் ஸ்டெப்’பும் கிட்டத்தட்ட இதேதான். ஒவ்வொரு அடியிலும் நிறுத்தி, உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். ‘எண்ணூரில் மட்டும் நிறுத்து’ என்று சொல்லி வைத்தால் அது பிரேக்பாயின்ட்.

சரி, ஒரு அடி என்பது நாம் எழுதிய ஒரு வரியா, பிராசஸரின் ஒரு கட்டளையா? சி மொழியின் ஒரே வரி பல கட்டளைகளாக மாறும். அதனால்தான் ஜிடிபி டீபக்கரில் வரிக்கு ‘ஸ்டெப்’, கட்டளைக்கு ‘ஸ்டெப்ஐ’ என்று தனித்தனியாக உண்டு. கோடில் ‘ஒரு அடி போ’ என்று மொட்டையாக கமென்ட் எழுதினால், படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

சிக்கல் பிரேக்பாயின்ட்டில்தான். இன்டெல் வகை பிராசஸர்களில், நிறுத்த வேண்டிய கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, ‘நில்’ என்று சொல்லும் ஒரு பைட்டை டீபக்கர் அங்கே வைக்கும். புரோகிராம் அங்கே வந்து நிற்கும். மறுபடி ஓட்ட, பழைய பைட்டைத் திருப்பி வைக்கணும். ‘ட்ராப் ஃபிளாக்’ பிட்டை ஏற்றி அந்த ஒரே கட்டளையை ஓட்டணும். பிறகு ‘நில்’ பைட்டை மறுபடி வைத்து, அப்புறம்தான் முழுசாக ஓடவிடணும்.

இந்த இடத்தில் ‘ஒரு கட்டளையை ஓட்டு’ என்ற கமென்ட் பொய்யில்லை. ஆனால் உபயோகமும் இல்லை. கோடே அதைத்தான் சொல்கிறதே! புதிதாக வருபவர் ‘எதுக்கு இந்த சுத்துவழி?’ என்று நீக்கிவிட்டால், பிரேக்பாயின்ட் ஒரே ஒரு முறைதான் பிடிக்கும். லூப்பில் இரண்டாம் சுற்று நிற்காமல் போய்விடும். பிழைச் செய்திகூட வராது.

எழுத வேண்டியது இப்படி: ‘பிரேக்பாயின்ட்டை மறுபடி வைப்பதற்காகவே இந்த ஒரு கட்டளையைத் தனியாக ஓட்டுகிறோம். அதுவரை மற்ற த்ரெட்கள் நிற்கணும். இல்லையென்றால் அவை பிரேக்பாயின்ட்டைத் தாண்டிவிடும்.’

எந்தப் பிராசஸருக்கு என்பதையும் சேர்க்கணும். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசஸர்கள் ரிஸ்க்-ஃபைவ் வகை. அந்த வகையில் ட்ராப் ஃபிளாக்கே கிடையாது. டீபக்குக்கான தனி ரெஜிஸ்டரில் ‘ஸ்டெப்’ என்றொரு பிட் இருக்கும். இன்டெலுக்கு எழுதிய கமென்ட்டை அப்படியே அங்கே ஒட்டினால், இல்லாத பிட்டைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.