ஒரு மார்க் சரிகையும் ஓர் ஆயுளின் தைராக்சினும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் அத்தை வீட்டில் விடியற்காலை ஐந்தரைக்கே ராட்டை ஓடத் தொடங்கிவிடும். மாமா குழித்தறியில் இறங்கி உட்காருவதற்குள் ஊடைக்கு வேண்டிய தார்க்குச்சிகள் தயாராக இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் அத்தைக்கு ஒரு வேலை உண்டு. மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திறந்து, வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை. அடுத்த அரை மணி நேரத்துக்குக் காபி கிடையாது. அந்த அரை மணி நேரத்தில் அவர் யாரிடமும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

“இத்தனூண்டு மாத்திரையில அப்படி என்னடா இருக்கு? ஒரு நாள் மறந்தா ஒண்ணும் தெரியல. ஒரு மாசம் விட்டுட்டா கையத் தூக்க முடியல” என்றார் ஒரு நாள்.

இரண்டும் சரியான கவனிப்பு. மாத்திரையில் இருப்பது தைராக்சின் என்ற ஹார்மோன். ரத்தத்தில் சேர்ந்த தைராக்சினில் பாதி கரைந்துபோகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நாள் விட்டது உடம்புக்குத் தெரிவதில்லை. எல்லா ஹார்மோனும் இப்படி நிதானமாக இருப்பதில்லை. இருட்டில் காலடியில் ஏதோ நெளிந்தால் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். கிடந்தது பாம்பில்லை, பாவுக் கயிறுதான் என்று தெரிந்த சில நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

அளவுக்கு வருவோம். காஞ்சியில் சரிகையை மார்க் கணக்கில் விற்பார்கள். ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தைராக்சின் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எழுபது வருஷத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டரை கிராம். ஒரு மார்க் எடைக்குத் தைராக்சின் இருந்தால் ஏறக்குறைய நூறு பேர் ஆயுள் முழுக்க ஓட்டிவிடலாம். மாமாவுக்கு இந்தக் கணக்கு பிடித்துப்போய், பாவு தோய வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சொற்பமான பொருள் எப்படி உடம்பையே ஆட்டிவைக்கிறது? பூட்டு, சாவி என்று பாடப்புத்தகங்களில் சொல்வார்கள். எனக்கு அதைவிட ஜக்கார்டு பெட்டிதான் பொருத்தமாகப் படுகிறது. மிதியை அழுத்தினால் அந்த விசை எல்லாக் கொக்கிகளுக்கும் பொதுதான். ஆனால் அட்டையில் எங்கே துளை இருக்கிறதோ அங்கே உள்ள கொக்கி மட்டும் எழும். பாவு இழைகளைத் தூக்கும். மயிலோ மாங்காயோ விழும். ஹார்மோனும் ரத்தத்தில் கலந்து எல்லாச் செல்களையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அதற்கான ஏற்பி உள்ள செல் மட்டும் அசைந்துகொடுக்கும். வேலையைச் செய்வது செல். ஹார்மோன் வெறும் சேதி.

அத்தையின் அடுத்த குழப்பம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. “நம்பர் ஏறியிருக்குன்னு போட்டிருக்கு. டாக்டரம்மா சுரப்பு குறைச்சல்ங்கிறாங்க. ரெண்டுல எது நிஜம்?” ரெண்டும்தான். சீட்டில் ஏறியிருந்தது டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன். அது தைராய்டு சுரப்பதில்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சோம்பினால் பிட்யூட்டரி சத்தம் போடும். சோம்பல் கூடக் கூடச் சத்தமும் கூடும். பிட்யூட்டரிக்கும் மேலே ஹைப்போதலாமஸ் என்று ஒரு மேஸ்திரி மூளைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்த அதிகார வரிசை மனிதனுக்கு மட்டும் உரியதில்லை. அத்தை சுற்றிக்கொண்டிருந்த நூலைக் கொடுத்த புழுவுக்கும் இதே ஏற்பாடுதான்.

பட்டே ஒரு சுரப்பியின் சரக்கு. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி உருமாறி இரண்டு நீளக் குழாய்களாக உடம்பு முழுக்க மடிந்து கிடக்கிறது. இரண்டும் வாய்க்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே இழையாக வெளியே வருகின்றன. அதாவது கல்யாணப் புடவை என்பது காய்ந்த எச்சில். பட்டுக்குத் தீட்டில்லை என்று பெரியவர்கள் முன்னாலேயே சொல்லிவைத்ததால் பிழைத்தோம். குழாய் இருப்பதால் இது நாளமுள்ள சுரப்பி. எப்போது நூற்க வேண்டும் என்று இதற்குச் சொல்வது, குழாயே இல்லாமல் நேரே ரத்தத்தில் சுரக்கும் நாளமில்லாச் சுரப்பிகள்.

அவற்றில் முக்கியமான ஒன்று எங்கே இருக்கிறது என்பதை 1940-இல் ஜப்பானில் ஃபுகுதா என்ற ஆய்வாளர் காட்டினார். முதிர்ந்த பட்டுப்புழுவின் மார்புக்குப் பின்னால் நூலால் இறுக்கிக் கட்டினார். முன்பாதி கூட்டுப்புழுவாக மாறியது. பின்பாதி புழுவாகவே கிடந்தது. ஒரே உடம்பில் இரண்டு வயது! கட்டுக்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று பின்பக்கம் போய்ச் சேரவில்லை. முன்மார்பில் இருந்த சுரப்பியை எடுத்துப் பின்பாதியில் வைத்தார், அதுவும் மாறியது. இந்தச் சுரப்பிக்கு மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து கட்டளை கொடுக்கிறது; நம் பிட்யூட்டரி தைராய்டை எழுப்புவதைப் போல.

முன்மார்புச் சுரப்பி தருவது எக்டைசோன். “தோலை உரி” என்பது அதன் சேதி. உரித்தபின் என்னவாக வேண்டும் என்பதைச் சொல்வது மூளைக்குப் பின்னால் உள்ள இன்னொரு சுரப்பியின் இளமை ஹார்மோன். அது இருக்கும்வரை புழு நான்கு முறை தோலுரித்தாலும் பெரிய புழுவாகத்தான் ஆகும். ஐந்தாம் பருவத்தில் அது வற்றுகிறது. அதன்பின் எக்டைசோன் வந்தால் புழு இலையை விட்டுவிட்டுத் தலையைத் தூக்கி இடம் தேடும், கூடு கட்டும்.

நம் குழந்தைகள் பெரியவர்களாவதும் காலம் பார்த்துத்தான். ஹைப்போதலாமஸ் சில வருஷம் அடங்கியிருந்துவிட்டு, பெண்களுக்கு 8 முதல் 13, ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் விழித்துக்கொள்கிறது. ஒன்று, ஒன்றரை மணிக்கு ஒரு தரம் விட்டுவிட்டு அது ஜிஎன்ஆர்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பும். விடாமல் அனுப்பினால் வேகம் கூடும் என்றுதானே நினைப்போம்? பிட்யூட்டரி வாயடைத்துப்போகும். மிதியை அழுத்தியே வைத்திருந்தால் தறி ஓடாதல்லவா, அதுபோல. ஆறேழு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் இதையே வைத்தியமாக்கியிருக்கிறார்கள்: அந்த ஹார்மோனை ஒத்த மருந்தை விடாமல் உடம்பில் இருக்கும்படி கொடுத்து, பிட்யூட்டரியை உறங்கவைக்கிறார்கள்.

புழுவையும் மனிதனையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் சந்திக்கவைத்தவர் ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் புட்டெனன்ட். 1929-இல் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோனைப் பிரித்தார். 1931-இல் சுமார் 15,000 லிட்டர் ஆண்களின் சிறுநீரைக் காய்ச்சி 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டீரோன் எடுத்தார். 1939-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாஜி அரசு வாங்கவிடவில்லை. அதற்குப் பிறகு அவர் கை வைத்தது பட்டுப்புழுவில். 1954-இல் அவரும் கார்ல்சன் என்ற ஆய்வாளரும் 500 கிலோ கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோன் எடுத்தார்கள். பின்னர் அதன் அமைப்பு தெரிந்தபோது, அதுவும் ஸ்டீராய்டு. நாம் பயந்து நடுங்கும் கொலஸ்ட்ராலிலிருந்துதான் நம் உடம்பு ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால் எல்லாம் செய்கிறது. புழு எக்டைசோனைச் செய்வதும் அதிலிருந்துதான். ஒரே வித்தியாசம், புழுவால் கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்க முடியாது. மல்பெரி இலையிலிருந்துதான் அதற்கான மூலப்பொருள் வர வேண்டும்.

1984-இல் ஜப்பானியர் குழு ஒன்று, பட்டுப்பூச்சி மூளையின் கட்டளை ஹார்மோனைத் தேடி லட்சக்கணக்கான தலைகளைச் சேர்த்து அரைத்தது. கிடைத்த புரதத்தின் எழுத்துகளை வரிசையாகப் படித்தபோது அது மனித இன்சுலினின் சாயலில் இருந்தது. தேடியது அதுவல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. பாம்பிக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். புழுவின் ரத்தத்தில் ஓடும் டிரெஹலோஸ் சர்க்கரையைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு தறியில் உட்காரும் நெசவாளர், கையில் பிடித்திருப்பது தூரத்துச் சொந்தக்காரனின் நூல்.

இந்த அறிவு வயலுக்கும் வந்துவிட்டது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புழு வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொல்லை, புழுக்கள் ஒன்றாகப் பழுக்காதது, அதாவது ஒரே நேரத்தில் கூடு கட்டத் தயாராகாதது. இரவு பகல் பார்க்காமல் பழுத்ததைப் பொறுக்கிப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விட வேண்டும். சில புழுக்கள் பழுக்கத் தொடங்கியதும், செடிகளிலிருந்து எடுத்த எக்டைசோன் வகைச் சாற்றை இலையில் தெளித்துக் கொடுத்தால் மீதியும் சேர்ந்தாற்போல் கூடு கட்டப் போய்விடும். மத்தியப் பட்டு வாரியத்தின் மைசூர் ஆராய்ச்சி நிலையம் ‘சம்பூர்ணா’ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. நாள் முந்திவிட்டால் நஷ்டம்: தின்று தீராத புழு சின்னக் கூடாகக் கட்டிவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாமா நாடாவை நிறுத்தினார்.

“அது சரி தம்பி. எல்லாம் ஒரே நாள்ல கட்டினா நூல் ஒரே தடிமனா வருமா?”

“அது இனத்தையும் இலையையும் பொறுத்தது மாமா. கூட்டோட தொடக்கத்துல தடிமனா வரும், முடிவுல மெலிஞ்சிடும். அதனாலதான் பல கூட்டு இழையைச் சேர்த்து இழுக்கிறாங்க.”

“அதானே பார்த்தேன்” என்றபடி, அப்போதுதான் அறுந்திருந்த பாவு இழை ஒன்றை விரலில் எச்சில் தொட்டு முறுக்கிச் சேர்த்தார்.