மீன் வளர்ப்போர் காணவேண்டிய ஓடைகள்

உயிர்களை வளர்த்து மகிழ்தல் மனிதனோடு பிறந்த இயல்பு. கிளியும் புறாவும் வளர்த்த எம்மவர் இன்று கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கின்றனர். எமது கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூட வாயிலிலும் ஒரு தொட்டி உண்டு. அதனைச் சுற்றி நின்று மணியடித்ததையும் மறக்கும் மாணவர் பலரை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

தமிழாசிரியனுக்கு மீனோடு என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்கே உரிய மரம், விலங்கு, பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது தொல்காப்பியம். ஓர் உயிரை அதன் நிலத்தினின்றும் பிரித்து அறிய இயலாது என்பதே இவ்வகுப்பின் உட்கருத்து. தொட்டியில் உள்ள மீன் முதற்பொருளை இழந்த கருப்பொருள். அதனை முழுமையாக அறிய விரும்புவோன் அது பிறந்த நீரைச் சென்று காணல் வேண்டும். அதற்காக நாம் அமேசன் ஆற்றுக்குச் செல்ல வேண்டியதில்லை. உலகெங்கும் மீன் வளர்ப்போர் போற்றும் மீன்கள் சில எமது இலங்கைத் தீவின் ஓடைகளிலேயே பிறந்தவை.

நம் நாட்டு மீன்கள்

இலங்கையின் நன்னீரில் 90க்கு மேற்பட்ட சுதேச மீனினங்கள் வாழ்கின்றன. அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை வேறு எந்நாட்டிலும் இல்லாதவை. இவற்றுட் பெரும்பாலானவை தென்மேற்கிலுள்ள ஈரவலயத்தில், களனி கங்கை தொடக்கம் நில்வள கங்கை வரையுள்ள ஆறுகளிலும் அவற்றின் கிளை ஓடைகளிலும் அடங்கியுள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள குளங்களில் நாம் காணும் விரால், கெளிறு முதலியவற்றின் உறவினர் தென்னிந்தியாவிலும் உளர். ஈரவலய மீன்களின் நிலை வேறு.

இதற்குக் காரணம் யாது? பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தபோது இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. ஆயினும் அவ்விணைப்பு நிலம் வறண்ட சமவெளி. வெயிலையும் கலங்கல் நீரையும் தாங்கவல்ல மீன்கள் அதனூடே பரவின. நிழலும் குளிர்ந்த தெளிநீரும் வேண்டி நின்ற மலையோடை மீன்களுக்கு அச்சமவெளி கடலினும் பெரிய தடையாயிற்று. ஆகவே அவை இலட்சக்கணக்கான ஆண்டுகள் தத்தம் ஓடைகளிலேயே வாழ்ந்து தனியினங்களாயின.

பயணம்

1990ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் வடக்கில் வாழ்ந்த எம் தலைமுறையினருக்குத் தென்னிலங்கைப் பயணம் எளிதில் வாய்க்கவில்லை. எம் நாட்டு மீன்களை நாம் பிறநாட்டுப் புத்தகங்களின் படங்களிலேயே கண்டோம். இலண்டனில் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் வளர்த்த மீனை, அது பிறந்த தீவில் வாழ்ந்த நாம் கண்ணாற் கண்டதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தை வந்தடைந்தது. அதன் பின்னரே மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு ஈரவலயத்துக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, கலவானை, வெத்தாகலை வழியாகச் சென்றால் சிங்கராஜ வனத்தின் குடாவை வாயிலை அடையலாம். தெற்கிலிருந்து செல்வோர் தெனியாயை வழியாகப் பிட்டதெனிய வாயிலை அடைவர். 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்ட இவ்வனத்தின் நீர் ஒருபுறம் களு கங்கைக்கும் மறுபுறம் ஜின் கங்கைக்கும் செல்கின்றது. அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இன்றி உள்ளே செல்லல் ஆகாது. சனவரி முதல் ஏப்பிரல் வரையுள்ள மாதங்களில் மழை சற்றுக் குறைவாதலால் ஓடை தெளிந்திருக்கும். அட்டைக் கடிக்கு அஞ்சுவோர் நீண்ட காலுறை அணிதல் நன்று.

ஓடையை அடைந்ததும் நீரில் இறங்கி ஓடுவோன் ஒன்றையும் காணான். கரையிற் பாறையொன்றிற் குந்தி, நிழல் நீரில் விழாதவாறு அசையாது இருத்தல் வேண்டும். கால் மணி நேரம் ஒன்றும் தோன்றாது. பின்னர் இலைச் சருகின் கீழிருந்து ஒன்று வெளிவரும். அதன் பின் பத்து வரும். பொறுமையை வகுப்பறையில் எத்தனையோ முறை போதித்திருக்கிறேன்; அவ்வோடை கால் மணி நேரத்திற் போதித்த அளவு நான் போதித்ததில்லை.

மூன்று மீன்கள்

அங்கு முதலிற் கண்ணைக் கவர்வது சிங்கள மக்கள் ‘புலத் ஹபயா’ என்று அழைக்கும் மீன். வெற்றிலை சப்புபவன் என்பது இதன் பொருள். விரல் நீளமே உள்ள இம்மீனின் உடலிற் கரும்பட்டைகள் உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் பின்னுடல் கரிய வெல்வெற்றுத் துணிபோலாகும்; தலையும் முன்னுடலும் தாம்பூலம் தரித்த வாய்போலச் சிவக்கும். 1868ஆம் ஆண்டிற் குந்தர் என்னும் அறிஞர் இதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே, பெயரறியாக் கிராமத்தவர் ஒருவர் இரு சொற்களில் இதனை விவரித்துவிட்டார் என்றே கூறவேண்டும்.

இரண்டாவது, ‘லே தித்தயா’ என்னும் செந்நிற மீன். ‘லே’ என்பது குருதி. 1929ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டவர் நம் நாட்டு அறிஞர் பி. ஈ. பி. தெரணியகல. கிராமத்தவர் வழங்கிய ‘தித்தயா’ என்னும் சொல்லையே அவர் அப்பெயரில் வைத்துக் காத்தார். ஆங்கிலேயர் ‘செரி’ப் பழத்தின் பெயரால் அழைக்கும் இம்மீன் இன்று உலகின் பல நாடுகளில் தொட்டியிலும் பண்ணையிலும் பெருக்கப்படுகின்றது. அதன் தாயகமோ நிழல் சூழ்ந்த சில ஓடைகள் மாத்திரமே.

மூன்றாவது, ‘ஹல்மல் தண்டியா’. ‘ஹல்’ என்பது ஈரவலயக் காட்டின் பெருமரங்களுள் ஒன்று. நாம் கருப்பநீர் புளியாதிருக்க முட்டியிற் சுண்ணாம்பு பூசுவதுபோல, கித்துள் சீவுவோர் இம்மரத்தின் பட்டையைப் பயன்படுத்துவர். அம்மரத்தின் பூ நீரில் மிதப்பதுபோல இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்து தோன்றுவதால் மீனுக்கு அப்பெயர் வந்தது. 1930ஆம் ஆண்டில் தெரணியகல இட்ட இலத்தீன் பெயரும் அப்பூவையே குறிக்கும். மரம் அழிந்தால் நிழல் அழியும்; நிழல் அழிந்தால் மீன் அழியும். இதனை விளக்க வேறு பாடம் வேண்டுமோ? பெயரே பாடமாக நிற்கின்றது.

ஓடை கற்பிக்கும் வளர்ப்புமுறை

இம்மீன்களை வாங்கி வளர்க்கும் யாழ்ப்பாணத்தவர் பலர், நிறம் மங்குகின்றது என்றும், முட்டை பொரிப்பதில்லை என்றும் குறைகூறுவர். விடை ஓடையில் உண்டு.

முதலாவது ஒளி. மேலே அடர்ந்த கிளைகள்; கீழே கரிய சருகு. சருகின் சாயம் ஊறிய நீர் வெறுந்தேநீர் நிறமுடையது. அவ்விருளில் தன் துணைக்குத் தோன்றவே ஆண்மீன் செந்நிறம் கொள்கின்றது. வெண்மணல் பரப்பி, பேரொளி விளக்கிட்ட தொட்டியிலோ அது பகைக்கு அஞ்சித் தோலின் நிறமணிகளைச் சுருக்கி வெளிறிப்போகின்றது. ஆகவே கருமணலும், மிதக்கும் செடிகளும், குறைந்த ஒளியும் வேண்டும்.

இரண்டாவது நீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறை மீது அமைந்தது. எமது கேத்தலின் உள்ளே படியும் வெண்மையான காறையே கிணற்று நீரின் வன்மைக்குச் சான்று. ஈரவலய ஓடையோ சுண்ணாம்பு அரிதான பழம்பாறை மீது ஓடும் மென்னீர். சருகின் அமிலம் சிறிது கலந்தது. மென்னீருக்குப் பழகிய மீன் வன்னீரில் உயிர்வாழினும், அதன் முட்டைகள் நன்கு பொரிப்பதில்லை. கார்த்திகை மழை நீரைத் தூய கூரையிலிருந்து ஏந்தி வைத்துக் கிணற்று நீரோடு கலந்து பாவித்தல் இதற்கு எளிய வழி. உலர்ந்த வாதுமை இலை ஒன்றிரண்டை இட்டால் ஓடையின் நிறமும் வரும்.

மூன்றாவது கூட்டம். இம்மீன்கள் ஓடையில் தனியே திரிவன அல்ல. ஒன்றிரண்டை மாத்திரம் வாங்கி விடுதல் ஊர்விலக்குச் செய்தலை ஒக்கும். எட்டுப் பத்தாயினும் சேர்த்து விடுக.

இரு தீங்குகள்

விருப்பம் அளவு கடந்தால் விரும்பப்பட்ட பொருளே அழியும். கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமடைக்கு அண்மையில் ஒரு சிற்றோடை உண்டு. இறப்பர்த் தோட்டத்துக்கும் வயலுக்கும் இடையே ஓடும் அதில், 1991ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பெயர் பெற்ற ‘பந்துல’ மீன் வாழ்கின்றது. உலகில் அம்மீனுக்கு வேறு இயற்கை வாழிடம் அறியப்படவில்லை. ஒரு வயலுக்குத் தெளித்த நஞ்சோ, ஒரு வியாபாரியின் பேராசையோ ஓர் இனத்தையே முடித்துவிடக்கூடிய நிலை இது. அருகிவரும் சுதேச மீன்கள் பலவற்றைச் சட்டம் இன்று காத்து நிற்கின்றது. சிங்கராஜ வனத்திலிருந்து ஒரு கூழாங்கல்லையும் எடுத்தல் ஆகாது. கண்ணாற் காணலும் குறிப்பேட்டிற் பதிதலுமே அங்கு நமக்குரியவை. வளர்க்க விரும்புவோர் பண்ணையிற் பெருக்கப்பட்ட மீனையே வாங்குக.

மற்றைய தீங்கு, வளர்த்துச் சலித்த மீனை நீர்நிலையில் விடுதல். இதனைச் சிலர் சீவகாருணியம் என்று கருதுகின்றனர். தென்கிழக்காசியாவுக்குரிய கத்திமீன் இங்கு தொட்டி மீனாக வந்து, தப்பியும் விடப்பட்டும் ஈரவலயத்துத் தாழ்நில நீர்நிலைகளிற் பெருகிச் சிறுமீன்களை உண்டு வருகின்றது. தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவு செய்யும் என்று வாங்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறும் அவ்வாறே ஆறுகளிற் குடியேறிவிட்டது. ஒரு மீனுக்குக் காட்டிய இரக்கம் ஓராயிரம் மீன்களுக்குக் கொடுமையாயிற்று. வைத்திருக்க இயலாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், நண்பருக்கு ஈயலாம், குளத்தில் மாத்திரம் விடலாகாது.

பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம்

எமது கல்லூரியின் புதல்வர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர்களுட் சிலரின் வீட்டுத் தொட்டியில் நான் கூறிய செந்நிற மீன் இப்பொழுதும் நீந்திக்கொண்டிருத்தல் கூடும். அது எந்நாட்டு மீன் என்று அவர்தம் பிள்ளைகள் அறிவரோ? அறியாராயின், அறிவித்தல் பெற்றோர் கடன். தாயகம் வரும்போது நல்லூர்த் திருவிழாவையும் கீரிமலைத் தீர்த்தத்தையும் காட்டுவதோடு, ஒருநாள் அவர்களை ஓர் ஈரவலய ஓடைக்கரையில் அமர்த்துக. சிங்களச் சிற்றூரில் ஒரு மூதாட்டியாரிடம் அம்மீனின் பெயரைக் கேட்கச் செய்க. எங்களை ‘புத்தா’ என்று அழைத்து, மீனின் பெயரையும், அது எவ்வோடையில் எப்பொழுது சிவக்கும் என்பதையும் கூறிய தாய்மார் அங்கு உளர்.

மாணவர் தாமும் தத்தம் ஊர்க் குளத்திலும் கேணியிலும் வாழும் மீன்களின் பெயரையும் காலத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்குதல் வேண்டும். பெயர் வழங்கும் வரையே ஓர் உயிர் மக்கள் நினைவில் நிற்கும். நினைவில் நின்றால் அதனைக் காக்க ஒருவராயினும் முன்வருவர். இவ்விழா மலரைக் கையில் ஏந்தும் இளையோருள் ஒருவர், அடுத்த விழாவுக்குள் நம் நீர்நிலை மீன்களைப் பற்றிய நல்லதொரு தமிழ் நூலை எழுதிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பாராயின், அதனினும் மேலான பரிசு கல்லூரித் தாய்க்கு வேறில்லை.