குழாயின் பெயரும் வீட்டின் விலையும்

தன் மனத்துக்கியைந்த வீடொன்றை எடுப்பிப்பவன் சுவரையும் கூரையையும் மாத்திரம் விலைக்குக் கொள்கின்றானல்லன். தான் சொன்னபடி செய்து தருவேனென்ற ஒருவனது சொல்லையும் கொள்கின்றான். அச்சொல் பிறழ்ந்தவிடத்து அதற்கு விலை யாது? நியூ யோர்க் மாநில மேன்முறையீட்டு மன்றம் 1921 ஆம் ஆண்டில் தீர்த்த வழக்கொன்று இவ்வினாவைப் பற்றியது. சட்டம் பயில்வார் அதனை இன்றும் ஓதுகின்றனர். தமிழ் பயில்வாருக்கும் அதிற் சுவையுண்டு.

நாட்டுப்புற மாளிகையொன்று 77,000 டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்தது. நீர்க்குழாய்கள் நாகமுலாம் பூசிய தேனிரும்பாய், 'றெடிங்' ஆலையில் ஆக்கப்பட்டனவாய் இருத்தல் வேண்டுமென்பது ஒப்பந்தம். 1914 யூனில் உரிமையாளர் குடிபுகுந்தார். 1915 மார்ச்சிலேதான் குறை வெளிப்பட்டது: குழாய்களுட் பல வேறு ஆலைகளில் ஆக்கப்பட்டவை. ஆறேழு அடிக்கொருமுறை பொறித்த பெயரையன்றி வேறுபாடு காட்டுவது ஒன்றுமில்லை. உரிமையாளரின் கட்டடக் கலைஞரே கவனித்திலர். மாற்றுவதாயின், பெரும்பாலும் சுவருக்குள் மறைந்த குழாய்களுக்காக முடிந்த வீட்டை இடித்தல் வேண்டும். கட்டியவர் அதற்கு இசையாது, தமக்கு வரவேண்டிய 3,483 டொலர் 46 சதத்தைக் கேட்டு வழக்கிட்டார்.

செய்தவன் பெயர் செய்பொருளுக்காதலைக் கருத்தாவாகுபெயர் என்பர் நம் இலக்கணகாரர். இங்கே ஆலையின் பெயர் ஒருபடி கடந்து, பொருளின் தரத்துக்கும் ஆயிற்றோ? ஆயிற்றெனின் அத்தரத்ததாகிய எக்குழாயும் அமையும். பெயர் தன்னையே சுட்டி நின்றதெனின் பிறிதொன்று அமையாது. வழக்கின் முடிச்சு இதுவேயென்பது என் துணிபு.

நீதியரசர் கார்டோசோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு இலக்கணத்துட் புகவில்லை. வேண்டுமென்று செய்யாத சிறுபிழையைத் திருத்தும் செலவு அதனால் விளையும் பயனுக்குச் சற்றும் ஒவ்வாதாயின், விலையில் நேர்ந்த வேறுபாடே ஈடாகும். ஈண்டு அது மிகச் சிறிது, அல்லது இல்லை என்றது. வேண்டுமென்றே பிறழ்ந்தவனுக்கு இச்சலுகையில்லை. கட்டியவர் வென்றார். ஆயினும் நால்வருக்கு மூவராய் மன்றம் பிளந்தது. கேட்டதைப் பெறுதல் உரிமையாளருக்கு உரியது; அவ்விருப்பம் தக்க காரணத்தால் எழுந்ததோ, வெறும் மனப்போக்கோ என வினவுதற்கு இடமில்லை என்பது மறுத்தோர் கொள்கை.

எனக்கு இரண்டும் நிறைவு தரவில்லை. குழாய்க்காக மாளிகையை இடிப்பித்தல் கொடுமை. சொல்லுக்கு ஒரு காசும் பெறாமற் போதலும் முறையன்று. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1995 இல் இடைவழியொன்று கண்டது. வீட்டுத் தோட்டத்து நீச்சற்குளம் 7 அடி 6 அங்குல ஆழம் வேண்டப்பட்டு, 6 அடி 9 அங்குலமாய் முடிந்தது. பாய்ந்து நீந்துதற்கு ஊறில்லை, விலையும் குறையவில்லை. மீளக் கட்டுதற்கோ 21,560 பவுண் வேண்டும். முதலில் விசாரித்த நீதிபதி உரிமையாளர் இழந்த இன்பத்துக்கென அளித்த 2,500 பவுணையே சபை நிலைநிறுத்திற்று. விருப்பமும் ஒரு பொருளென எண்ணப்பட்டமை காண்க.

இனி வீடு கட்டுவிப்போர் ஆலையின் பெயரை எழுதுங்கால், "இதுவன்றிப் பிறிது அமையாது, அமைப்பின் எஞ்சிய பணம் கொடுபடாது" என ஒரு வரி கூட்டி எழுதலாம். அத்தகைய வெளிப்படைச் சொல்லுக்குத் தடையில்லையென்று கார்டோசோவின் தீர்ப்பே கூறுகின்றது.