நிறுத்தி வைத்த காரை மீண்டும் ஓட்டப் போகிறீர்களா?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. தொடங்கியும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் வீட்டில் வருடக்கணக்காக நின்ற பழைய கார்களைப் பலரும் வெளியே எடுக்கிறார்கள். வாப்பாவின் 110 கரோலாவை எடுத்தபோது நான் விட்ட பிழையை மற்றவர்களும் விடக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் நிறுத்திய கார் அது. மூன்று வருடம் அசையவில்லை. கராஜ் ஒன்றிலிருந்து வந்தவர் புது பெட்டரி போட்டு அப்படியே ஸ்டார்ட் பண்ணினார். ஓடியது. அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால் பள்ளிவாசல் முற்றத்தில் காருக்கடியில் கறுப்பு வட்டம். வெட்கமாகப் போய்விட்டது. எஞ்சினை இறக்கி எல்லா சீலும் மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட தொகைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம்.

சீல்கள் ரப்பர். எஞ்சின் ஓடும்போது ஒயிலில் நனைந்து மிருதுவாக இருக்கும். நின்றுவிட்டால் ஒயில் கீழே சம்புக்கு வடிந்துவிடும். சீல் காய்ந்து, இறுகி, சுருங்கும். ஆனால் எங்கள் காரில் முதற் குற்றவாளி சீல் அல்ல. வயதான பாஸ் ஒருவர் டப்பட் கவரில் இருந்த பீ.சீ.வி வால்வைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை, அழுக்கு இறுகி அடைத்திருந்தது. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் அந்த வழியால் வெளியேற முடியாவிட்டால், பலவீனமான சீல் வழியாக ஒயிலைத் தள்ளிக்கொண்டு வரும். சின்ன சாமான், விலையும் குறைவு. அதை மாற்றியதுமே முக்கால்வாசி ஒழுக்கு நின்றது.

அவர் சொன்ன ஒழுங்கு இதுதான். ஸ்டார்ட் பண்ண முன்பே பழைய ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய பெற்றோலை இறக்குங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, எஞ்சினை முதலில் கையால் சுற்றுங்கள். பிறகு பிளக் இல்லாமலே, கரண்டையும் பெற்றோலையும் துண்டித்துவிட்டு, ஒயில் லைட் அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். டிப் ஸ்டிக் அளவுக்கு மேல் ஒயில் ஊற்ற வேண்டாம். டப்பட் கவர் கசிந்தால் நட்டை இன்னும் இறுக்காதீர்கள், கேஸ்கட்டை மாற்றுங்கள்.

இரவில் கீழே காட்போட் விரியுங்கள். கறுப்பு என்றால் எஞ்சின், சிவப்பு என்றால் பெரும்பாலும் ஓட்டோ கியர் அல்லது பவர் ஸ்டியரிங். இலேசான கசிவு கொஞ்ச நாள் ஓட, சூடும் ஒயிலும் பட்டுக் குறையலாம். எக்ஸோஸ்ட் மேல் சொட்டினால் மட்டும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

சிலர் எஞ்சினைக் கழுவி மினுக்கி, கசிவை மறைத்து விற்கிறார்கள். குறையைச் சொல்லாமல் விற்பது மார்க்கத்தில் மோசடி என்பது அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் காரில் இப்போது முன் கிராங்க் சீலில் மட்டும் ஈரம். டைமிங் பெல்ட் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை காட்போட் துண்டு டிக்கியிலேயே இருக்கிறது, ஜும்ஆவுக்குப் போனால் முதலில் அதை விரித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.