மலையைச் சுற்றி ஒரு நடை!
அரிட்டாபட்டிக்குப் போய் வருவோமா?

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். சினிமாவுக்குப் போனால் பணம் கரையும். கடைத்தெருவுக்குப் போனால் இன்னும் அதிகம் கரையும்.

செலவில்லாத ஓர் இடம் சொல்லட்டுமா? கட்டுச்சோறும், குடிக்கத் தண்ணீரும், நடக்கக் காலும் இருந்தால் போதும். தாத்தா, பாட்டி முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை எல்லோரும் மெல்ல நடந்து ஒரு வட்டம் சுற்றி வரலாம்.

அந்த இடம், மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மதுரை - மேலூர் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகவேண்டும்.

ஊரை நெருங்கும்போதே பாறை மலைகள் தெரியும். "இந்த மலை யாருக்குச் சொந்தம்?" என்று உங்கள் வீட்டுச் சிறுவன் கேட்பான். உடனே பதில் சொல்லாதீர்கள். சுற்றி முடித்ததும் சொல்லலாம்.

கண்மாய்க் கரை

வெயில் ஏறுவதற்கு முன்பே நடையைத் தொடங்கிவிடுங்கள். முதலில் கண்மாய்க் கரைக்குப் போவோம்.

இங்கே ஏழு மலைகள் உண்டு. கழிஞ்சமலை, ராமாயி மலை, தேன்கூட்டு மலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மழை பெய்தால் மொட்டைப் பாறையில் விழும் தண்ணீர் நிற்காது, வழிந்து ஓடும். பாறை இடுக்குகளில் தங்கும் நீர் சுனையாகும். மீதி நீர் ஓடையில் இறங்கிக் கண்மாய்க்கு வரும். கண்மாயிலிருந்து மடை வழியாக வயலுக்குப் போகும்.

இப்படி இங்கே 200 சுனைகள், 72 நீர்நிலைகள், 3 தடுப்பணைகள் இருக்கின்றன என்கிறது அரசின் கணக்கு. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது என்று சொல்லப்படுகிறது.

பிள்ளைகளிடம் மலையையும் வயலையும் காட்டி, "இந்த மலை இல்லாவிட்டால் இந்த நெல் உண்டா?" என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு வாரம் படிப்பதை ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள்.

2,000 ஆண்டுக் கையெழுத்து

கரையை விட்டுக் கழிஞ்சமலை அடிவாரத்துக்கு வருவோம். அங்கே இயற்கையான குகை ஒன்று உண்டு. சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த இடம் அது. மழைநீர் உள்ளே வராதபடி பாறையின் நெற்றியில் ஒரு வரிப்பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் அந்தக் காடியோடு ஓரமாக வழிந்துவிடும். வீட்டுக்கு இறவாணம் வைப்பது போன்ற யோசனைதான்!

அந்தக் காடிக்குக் கீழே எழுத்துகள் இருக்கின்றன. தமிழ் பிராமி எழுத்து. வயது 2,000 ஆண்டுகளுக்கும் மேல். நம் அ, ஆ-வுக்கெல்லாம் மூத்த பாட்டி அவை.

என்ன எழுதியிருக்கிறது? பெரிய வெற்றிச் செய்தி ஒன்றும் இல்லை. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவரும், இலஞ்சி வேளின் வழிவந்த ஒருவரும் குகையைச் செப்பனிட்டுக் கொடுத்த செய்திதான். தங்களுக்கென்று எடுத்துக்கொண்டவர்கள் பெயர் அங்கே இல்லை. கொடுத்தவர்கள் பெயர்தான் நிற்கிறது.

அருகிலேயே பாறையில் ஒரு தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. அதன் கீழே உள்ள கல்வெட்டு வட்டெழுத்தில் ஆனது. சுமார் 1,100 ஆண்டுப் பழமை உடையது. அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்னும் சமண முனிவர். பாதிரிக்குடியார் அதற்குக் காவல் என்றும் அதில் வெட்டியிருக்கிறது.

'காவல்' என்ற அந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவோம்.

மலையைக் குடைந்த கோயில்

மலையடியைச் சுற்றி நடந்தால் குடைவரைக் கோயில் ஒன்று வரும். கல்லை அடுக்கிக் கட்டியது அல்ல. மலையையே உள்ளே குடைந்து செய்தது. முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் கோயில். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் லகுலீசர். பாசுபத சைவத்தின் குருவாகப் போற்றப்படும் லகுலீசருக்குத் தமிழ்நாட்டில் சிற்பங்கள் மிக அரிது.

ஒரே மலையில் சமணரும் இருந்தார்கள், சைவரும் இருந்தார்கள். இரண்டு அடையாளங்களையும் மலை பத்திரமாக வைத்திருக்கிறது.

இனி கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்கள். பாறை உச்சியில் வட்டமிடுவது லக்கர் வல்லூறாக இருக்கலாம். ஷாகின் வல்லூறாகவோ போனெல்லிக் கழுகாகவோ இருக்கலாம். ஷாகின், பொரி வல்லூறு இனத்தைச் சேர்ந்தது. இரையைக் கண்டு பாயும்போது அந்த இனத்தின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ரயில்கூடப் பின்தங்கிவிடும்! சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே உண்டு. தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கும் இதுவே வீடு.

இவற்றை எல்லாம் எண்ணித்தான், 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுவே முதலாவது.

வந்தது ஆபத்து!

ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஓர் இடி விழுந்தது. 2024 நவம்பரில், இந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் உரிமை மத்திய அரசின் ஏலத்தில் ஒரு கம்பெனிக்குப் போனது. ஏலம் விடப்பட்ட பரப்பு 2,000 ஹெக்டேருக்கும் மேல். அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர். பாரம்பரியத் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது.

டங்ஸ்டன் உபயோகமான உலோகம்தான். பழைய குண்டு பல்பின் உள்ளே ஒளிவிடும் இழை அதுவே. இரும்பை அறுக்கும் கருவிகளுக்கும் அது வேண்டும். ஆனால் அதற்காக ஊரையும் கண்மாயையும் கொடுக்கலாமா? மேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கிரானைட் கல்லுக்காகக் குன்றுகள் வெட்டப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்.

கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9-ந் தேதி தமிழகச் சட்டசபையும் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கான விவசாயிகளும் பெண்களும் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். ஜனவரி 23-ந் தேதி, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

மலை தப்பியது! வட்டெழுத்துக் கல்வெட்டில் காவலாக நின்றவர்கள் பாதிரிக்குடியார். நம் காலத்தில் அந்தக் காவலை ஏற்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

போகிறவர்கள் கவனிக்க

ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டுக்கொண்டு நடங்கள். புத்தகத்தில் இல்லாத கதைகளையும் அவர் சொல்வார். சுனை ஓரத்தில் பாசி வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மழை நாளில் பாறையில் ஏறவே வேண்டாம். பறவைகள் கூடு கட்டியிருக்கும் பக்கம் கூச்சல் போடக்கூடாது. சாப்பிட்ட இலையையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

முக்கியமாக ஒன்று: பாறையில் பெயரைக் கிறுக்காதீர்கள். பெயர் எழுத ஆசையிருந்தால், அந்தக் காலத்தவரைப்போல் முதலில் ஊருக்கு எதையாவது கொடுத்துவிட்டு எழுதுங்கள்!

சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். இப்போது பையன் மறுபடியும் கேட்பான்: "இந்த மலை யாருக்குச் சொந்தம்?"

"காத்தவர்களுக்கு, தம்பி! நாளைக்கு உனக்கு."