வண்டற்பாவை முதல் மணற்சிற்பம் வரை

நுழையும்முன்

கல்லில் செதுக்கிய உருவம் பல நூற்றாண்டுகள் நிலைத்து நிற்கிறது. சுடுமண்ணில் வனைந்த உருவம் தலைமுறைகளைக் கடந்து வாழ்கிறது. மணலில் எழுப்பிய உருவமோ ஒரு பேரலைக்கும் தாங்காது. கரையும் என்று அறிந்தே மணலைக் கையில் எடுக்கும் கலைஞரின் திறத்தையும், அக்கலையின் பின்னுள்ள அறிவியலையும், அதற்கு மூலமாகிய கடற்கரையின் இன்றைய நிலையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரே மண், இரு கலைகள்

புதுச்சேரியின் வில்லியனூர், சங்கராபரணி ஆற்றங்கரை ஊர். அங்கு வனையப்படும் சுடுமண் சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அவ்வூர்க் கலைஞர் வி.கே.முனுசாமி 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆற்றுக் களிமண்ணைப் பிசைந்து, உருவாக்கி, நிழலில் உலர்த்தி, சூளையில் இட்டு நிலைபெறச் செய்வது அவர்தம் கலை.

தெற்கே பாகூர் கொம்யூனின் கிழக்கெல்லையில் நரம்பை, மூர்த்திக்குப்பம், மணப்பட்டு முதலிய ஊர்கள் கடலைப் பார்த்து அமைந்துள்ளன. கோடை விடுமுறை மாலைகளில் அங்குச் சிறுவர்கள் ஈரமணலைக் குவித்துக் கோபுரமும் கோட்டையும் கட்டுவதைக் காணலாம். இவர்கள் கையிலும் மண்தான் இருக்கிறது. ஆயினும், அங்கே தீ காக்கிறது. இங்கே அலை கரைக்கிறது. இந்தச் சிறுவர் விளையாட்டே வளர்ந்து மணற்சிற்பம் என்னும் கலையாக மலர்ந்துள்ளது.

பழந்தமிழர் வாழ்வில் மணல்

மணலில் உருவம் சமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஈரமணலால் மகளிர் செய்து விளையாடிய பாவையை ‘வண்டற்பாவை’ என்றும், கட்டி விளையாடிய சிறுவீட்டைச் ‘சிற்றில்’ என்றும் நம் இலக்கியங்கள் குறிப்பிடுகின்றன. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியைப் பாடியவர் அம்மூவனார். தான் செய்த வண்டற்பாவையைக் கடல் கவர்ந்துகொண்டதால் சினந்த ஒரு பெண், நுண்மணலை அள்ளி எறிந்து அக்கடலையே தூர்க்க முற்படும் காட்சியை அவர் மூன்றே அடிகளில் காட்டியுள்ளார். தாம் இழைத்த சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதை ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகமாகவே பாடியுள்ளார். பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்பது ஆண்பாற்குரிய பருவங்களுள் ஒன்று.

வழிபாட்டிலும் மணலுக்கு இடம் உண்டு. காஞ்சிபுரத்தில் அம்மை மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டதாகவும், கம்பையாறு பெருகி வந்தபோது அதனைத் தழுவிக் காத்ததாகவும் தலபுராணம் கூறும். நிலையற்ற பொருளிலும் நெஞ்சம் ஒன்றும் என்பதற்கு இவை சான்றுகள்.

கண்காட்சிக் கலையாக

இந்தியாவில் இக்கலைக்குப் புகழ்பெற்ற களம் ஒடிசாவின் பூரிக் கடற்கரையாகும். தேரில் ஏற இடம் மறுக்கப்பட்ட பலராம தாசர் என்னும் ஒடியக் கவிஞர், கடற்கரை மணலில் தாமே தேர் சமைத்து இறைவனை வழிபட்டார் என்பது அங்கு வழங்கும் செவிவழிச் செய்தி. அதே கரையில் இளமையில் மணலைக் கையில் எடுத்த சுதர்சன் பட்நாயக், 2014ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். இயற்கைச் சீற்றம், சுற்றுச்சூழல் கேடு, தலைவர்களின் மறைவு என அன்றன்றைய நிகழ்வுகளை மணலில் வடிப்பது அவரது தனித்தன்மை. கோனார்க் அருகிலுள்ள சந்திரபாகா கடற்கரையில் ஆண்டுதோறும் திசம்பர்த் திங்களில் பன்னாட்டு மணற்சிற்ப விழா நடைபெறுகிறது.

ஐரோப்பியக் கடற்கரை நகரங்களில் இது கோடைக் கண்காட்சியாக விளங்குகிறது. பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரில் நடைபெற்ற கண்காட்சி அதற்கு எடுத்துக்காட்டு. ஜப்பானின் தொட்டோரி நகரில் மணற்சிற்பத்திற்கென ஓர் அருங்காட்சியகமே 2006ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. அங்கும் காட்சிக்காலம் முடிந்ததும் சிற்பங்கள் கலைக்கப்பட்டு மீண்டும் மணலாகின்றன.

மணலை நிறுத்தும் நீர்

உலர்ந்த மணலைக் குவித்தால் அது ஏறத்தாழ 30 முதல் 35 பாகைச் சரிவுக்குமேல் நிற்பதில்லை, சரிந்துவிடுகிறது. சிறிது நீர் சேர்ந்தவுடன் அதே மணல் செங்குத்தாக நிற்கிறது. காரணம் யாது?

இரு மணற்பருக்கைகள் தொடும் இடத்தில் சிறுதுளி நீர் தங்கி, அவற்றிடையே ஒரு பாலமாக அமைகிறது. நீரின் பரப்பு இழுவிசை அப்பருக்கைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. எண்ணற்ற நீர்ப்பாலங்கள் சேர்ந்து மணற்குவியலைக் கெட்டிப் பொருளாக்குகின்றன. நீர் மிகுந்தாலோ இடைவெளிகள் முழுதும் நிரம்பி, பாலங்கள் மறைந்து, மணல் சேறாக ஓடுகிறது. பிடிமானத்தைத் தருவதும் நீர்; அளவு மீறினால் அதனைக் குலைப்பதும் நீர்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக அறிவியலாளர் உள்ளிட்ட குழுவினர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கன அளவில் சுமார் 1 விழுக்காடு நீரே மணலுக்கு மிகுந்த வலிமை தருவதாகக் கண்டது. மணற்றூண் ஒன்றின் அடிப்பகுதி ஆரத்தை 8 மடங்காக்கினால், அது தாங்கும் உயரம் 4 மடங்கே கூடும் என்பதும் அவ்வாய்வின் முடிவிலிருந்து பெறப்படுகிறது. ஆகவே, உயரத்தை விரும்புவோர் அடித்தளத்தை மிக அகலமாக்க வேண்டும்.

பருக்கையின் வடிவமும் இன்றியமையாதது. அலையில் நெடுங்காலம் உருண்டு தேய்ந்த பருக்கைகள் வழுவழுப்பானவை, எளிதில் நழுவும். முனை மழுங்காத பருக்கைகள் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். இதனால் பெரிய கண்காட்சிகளுக்கு ஏற்ற மணலைத் தேர்ந்து, வேற்றிடங்களிலிருந்து சரக்குந்துகளில் கொணர்வதும் உண்டு.

செய்முறை

முதலில் அடிப்பாகம் இல்லாத மரச்சட்டப் பெட்டியை நிறுத்தி, அதனுள் மணலும் நீரும் இட்டு, அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்துவர். மிகுதியான நீர் வடிந்துவிடும். அதன்மேல் சற்றுச் சிறிய பெட்டியை வைத்து அவ்வாறே நிரப்புவர். எல்லா அடுக்குகளும் முடிந்தபின் மேற்பெட்டியை முதலில் கழற்றிச் செதுக்கத் தொடங்குவர். மேலிருந்து கீழ்நோக்கி வருவதே முறை. இல்லையேல் உதிரும் மணல் முடித்த பகுதியைக் கெடுக்கும். கரணை, கத்தி, தூரிகை ஆகியன கருவிகள். கண், இதழ் போன்ற நுண்ணிய இடங்களில் உதிர்ந்த துகளை உறிஞ்சுகுழலால் ஊதி அகற்றுவர். இறுதியில், நீர்த்த பசையை மெல்லத் தெளித்து வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் காப்பதும் உண்டு.

தெரியுமா?
டென்மார்க்கின் புளோகூஸ் நகரில் 2021ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட மணற்கோட்டையின் உயரம் 21.16 மீட்டர். அதற்குப் பயன்பட்ட மணல் 4,860 டன். உறுதிக்காக அம்மணலில் ஏறத்தாழ 10 விழுக்காடு களிமண் கலக்கப்பட்டது.

மணல் எங்கே?

மணற்சிற்பத்திற்கு மணல் வேண்டும். புதுச்சேரி நகரக் கடற்கரை அந்த மணலையே இழந்து நின்ற வரலாறு நாம் அறியவேண்டிய ஒன்று.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்திசையிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கித் திரும்புகிறது. நிகர நகர்வு வடக்கு நோக்கியதே. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவை இம்மணலோட்டத்தை மறித்தன. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை தேய்ந்தது. நகரக் கடற்கரையைக் காக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. மக்கள் காலாற நடந்த மணற்பரப்பு கருங்கற்குவியலாயிற்று. அரிப்பு வடக்கே நகர்ந்து தமிழ்நாட்டு மீனவ ஊர்களையும் தாக்கியது.

பின்னர், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், 2018-19 ஆண்டுகளில் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடற்பகுதியில் நீருள் மூழ்கிய ஆப்பு வடிவத் தடுப்பு அமைக்கப்பட்டது. அலையின் வேகம் அங்குத் தணிந்ததால் மணல் மீண்டும் படிந்தது. ஒரு தலைமுறை கண்டறியாத மணற்கரையில் குழந்தைகள் மறுபடியும் கால் பதித்தனர்.

மணல் வெறும் விளையாட்டுக் களமன்று. மீனவர் படகேற்றவும் வலை உலர்த்தவும் கரைவலை இழுக்கவும் அதுவே இடம். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இக்கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதைக்கூட அம்மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. முட்டை பொரியக் கிட்டத்தட்ட இரு மாதங்கள் ஆகும். எனவே, கோடையில் கண்காட்சி அமைப்போர் ஆமைகள் முட்டையிட்ட பகுதியைத் தவிர்ப்பதும், கரையில் மிகுந்த ஒளியைக் குறைப்பதும் கடமையாகும்.

நிறைவாக

சங்ககாலப் பெண்ணின் பாவையைக் கடல் கொண்டது. ஆயினும், சினம் தீர அள்ளி எறிய அவள் கைக்கு மணல் மிஞ்சியிருந்தது. அவளால் மறுநாளும் ஒரு பாவை செய்திருக்க முடியும். சிற்பம் கரைவது இழப்பன்று. சிற்பத்தின் மணல் கரைக்கே திரும்புகிறது. கரையே கரைந்துபோவதுதான் இழப்பு. அலை அழித்த சிற்பத்தை மறுநாள் எழுப்பலாம். அதற்கான மணலை நாளைய சிறுவர்க்கும் விட்டுச்செல்வது நம் பொறுப்பு.

கற்பவை கற்றபின்

1. உலர்ந்த மணலில் சிறிது சிறிதாக நீர் கலந்து, எந்நிலையில் அது உறுதியாக நிற்கிறது எனக் கண்டறிந்து குறிப்பெழுதுக.
2. உங்கள் ஊர் முதியவர்களிடம், முப்பது ஆண்டுகளுக்கு முன் கடற்கரையோ ஆற்றங்கரையோ எவ்வாறிருந்தது எனக் கேட்டு ஒரு பக்க அளவில் தொகுக்க.
3. ‘நிலைக்கும் கலையே சிறந்ததா, கரையும் கலையும் சிறந்ததா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.